பாட்டுக்குப் பிணை நின்ற குரல்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டிச் செல்லும் பஜார் சாலையின் பழைய கிட்டங்கிகளைக் கடக்கும்போது மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணம் நம்மை எதிர்கொள்கிறது. அடுக்கி வைத்த மூட்டைகள் அனைத்தையும் அவிழ்த்துப் பார்த்து வாங்குவது எந்த வணிகருக்கும் இயலாத செயல். குத்தூசியால் எடுத்த ஒரு பிடிச் சரக்கும், இடையில் நிற்கும் தரகரின் சொல்லுமே கொள்முதலுக்கு ஆதாரம். அச்சொல் பொய்த்தால் சரக்கு மட்டுமன்று, சொன்னவரின் பெயரும் விலை இழக்கும். நம் வழக்கில் இதனைப் பிணை நிற்றல் என்போம்.

சரக்குக்குப் பொருந்தும் இம்முறை இசைக்கும் பொருந்தும். முன்பின் அறியாத இசையொன்று நம் செவியை எட்டும்போது, முதல் சில நொடிகளில் அதனை ஒதுக்கிவிடவே மனம் விரும்புகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்கச் செய்வதற்கு, நாம் நம்பும் ஒருவர் அவ்விசைக்குப் பிணை நிற்க வேண்டியுள்ளது. வானொலி கோலோச்சிய காலத்தில் அப்பணியை ஆற்றியவர்கள் அறிவிப்பாளர்கள். அவர்களுள் ஜாஸ் இசைக்காகத் தம் வாழ்நாளில் நாற்பதாண்டுகளுக்கு மேல் செலவிட்ட ஒருவரையும், நம் நாட்டில் அதற்கு ஒப்பான பணியாற்றிய மற்றொருவரையும், அறிவிப்பாளரே வேண்டாம் என்று தொடங்கிய ஒரு வானொலி நிலையத்தையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

துறைமுகத்தில் இறங்கிய பாடல்கள்

மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பரதேசி யூதர்கள் 1568-இல் எழுப்பிய தொழுகைக்கூடம், கொங்கணி மக்களின் கோயில், குஜராத்தி வணிகர்களின் தெரு, கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்களின் பள்ளிவாசல் என்று பல மொழியினர் சில தெருக்களுக்குள் வாழ்ந்த ஊர் அது. மிளகு ஏற்றிச் செல்ல வந்தவர்களோடு அவரவர் பாடல்களும் வந்தன. மலையாள நாட்டின் கரையில் இந்திப் பாடல்களுக்கும் கஜல்களுக்கும் ஆர்வம் மிக்க கூட்டமொன்று உருவானது இவ்வாறுதான்.

தக்கினி பேசும் குடும்பத்தில் பிறந்து, 'நீலக்குயில்' (1954) உள்ளிட்ட திரைப்படங்களில் பாடிப் புகழ்பெற்ற மெஹபூப் இப்பகுதியைச் சேர்ந்தவர். மட்டாஞ்சேரியில் பிறந்த மற்றொரு பாடகர், இப்ராஹிம் என்ற இயற்பெயர் கொண்ட உம்பாயி. உருது மொழியின் சொத்தாகக் கருதப்பட்ட கஜலை மலையாளத்தில் பாடி, அம்மொழியினரின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர் அவர். 2018 ஆகஸ்டு 1-ஆம் நாள் அவர் மறைந்தபோது, மலையாள கஜல் என்பது எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒன்றாகிவிட்டிருந்தது.

அயலிசை ஓர் ஊரில் வேரூன்றுவது தற்செயலாக நிகழ்வதன்று என்பதை உம்பாயியின் வாழ்க்கை காட்டுகிறது. அவர் பாடிப் பிணை நின்றார். பாடாமல், பேச்சால் மட்டுமே பிணை நின்றவர்களின் கதை வேறு வகையானது.

ஜாஸ்: ஒரு சிறு விளக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருப்பெற்றது ஜாஸ். அதுவும் ஒரு துறைமுக நகரமே. கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு ஜாஸின் அடிப்படையை எளிதில் சொல்லிவிடலாம். கீர்த்தனையைப் பாடும் வித்துவான், அதன் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவலும் கற்பனை சுரமும் பாடி, மீண்டும் பல்லவிக்கு வந்து சேர்கிறார். ஜாஸ் குழுவினரும் அறிந்த மெட்டு ஒன்றை முதலில் வாசித்து, பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டின் எல்லைக்குள் தம் கற்பனையை விரித்து, இறுதியில் தொடங்கிய இடத்துக்கே திரும்புகின்றனர். அவர்கள் மனோதர்மத்துக்கு ஆதாரமாக அமைவது இராகமன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரக்கூட்டுகளின் வரிசை.

இந்த அமைப்பை அறியாதவருக்கு ஜாஸ் பெருங்கூச்சலாகத் தோன்றக்கூடும். யார் எதை வாசிக்கிறார், மெட்டு எங்கே போயிற்று, ஏன் எல்லோரும் திடீரென்று அமைதியானார்கள் என்று வழிகாட்டுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார்.

நிதானமாகப் பேசியவர்

1920 டிசம்பர் 18-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர் வில்லிஸ் கானோவர். பதின்ம வயதில் அறிவியல் புனைகதைகளில் ஈடுபாடு கொண்டு, அதற்கெனச் சிற்றிதழ் ஒன்றை நடத்தினார். எழுத்தாளர் லவ்கிராஃப்டுடன் கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். பின்னர் மேரிலாந்தின் சிறு நகரொன்றில் வானொலி அறிவிப்பாளராகி, அங்கிருந்து வாஷிங்டன் சென்றார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஓரிடத்தில் அமர்ந்து இசை கேட்பதை அந்நகரம் ஏற்காதிருந்த காலம் அது. தாம் ஏற்பாடு செய்த ஜாஸ் நிகழ்ச்சிகளில் இரு சாராருக்கும் இடமளிக்க வேண்டும் என்று கானோவர் வலியுறுத்தினார்.

அமெரிக்க அரசு பிற நாட்டவருக்காக நடத்தும் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி 1955-இல் இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அதன் அறிவிப்பாளராகக் கானோவர் பொறுப்பேற்றார். நிகழ்ச்சியின் ஒரு பகுதி மெல்லிசைக்கும், மற்றொரு பகுதி ஜாஸுக்கும் ஒதுக்கப்பட்டது. டியூக் எலிங்டன் குழுவினரின் 'டேக் த ஏ டிரெயின்' என்ற இசைத்துணுக்கே முகப்பிசை. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ஹார்லெம் பகுதிக்குச் செல்லும் சுரங்க ரயிலின் பெயர் அது. அந்த இசை ஒலித்ததும் பல நாடுகளில் சிற்றலை வானொலிப் பெட்டியின் திருகுகள் திருப்பப்பட்டன.

அவருடைய முறை எளியது. தாழ்ந்த, கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுப் பேசினார். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும், இரைச்சல் கலக்கும். எனவே எளிய சொற்களையே தேர்ந்தெடுத்தார். வாசிப்பவர் யார், எந்தக் கருவி, எந்த ஆண்டு ஒலிப்பதிவு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அரசியல் பேசுவதில்லை. அவர் பேச்சைக் கேட்டே ஆங்கிலம் பயின்றோம் என்று பின்னாளில் பலர் கூறியுள்ளனர்.

பனிப்போர் மூண்டிருந்த காலம் அது. சோவியத் ஒன்றியத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஜாஸ் ஐயத்துடன் பார்க்கப்பட்டது. சில காலம் தடுக்கவும் பட்டது. இசைத்தட்டுகள் கிடைக்காத நிலையில், மருத்துவமனைகள் கழித்துவிட்ட எக்ஸ்-கதிர்ப் படச்சுருள்களில் பள்ளம் வெட்டி, பாடல்களைப் பதிந்து மறைவாக விற்ற வரலாறும் ரஷ்யாவுக்கு உண்டு. அத்தகைய சூழலில் இரவுதோறும் வந்த கானோவரின் குரல் ஓர் இசைப்பள்ளியாக அமைந்தது. போலந்தின் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆடம் மகோவிச் போன்றோர் ஜாஸைக் கற்றது அந்த வானொலி நிகழ்ச்சியின் வழியாகவே. இரும்புத் திரைக்கு அப்பால் கோடிக்கணக்கானோர் அவரைக் கேட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர் 1959-இல் போலந்துத் தலைநகர் வார்சாவுக்குச் சென்றபோது, விமான நிலையத்தில் திரண்டிருந்த கூட்டத்தைக் கண்டு, உடன் வந்த வேறு யாரோ ஒரு பெரிய மனிதரை வரவேற்க வந்தவர்கள் என்றே கருதினாராம்.

சொந்த நாட்டில் அறியப்படாதவர்

இவ்வளவு புகழ் பெற்றவரை அவருடைய சொந்த நாட்டு மக்கள் பெரும்பாலும் அறியவில்லை. காரணம் ஒரு சட்டம். அரசின் வெளிநாட்டு ஒலிபரப்பை அமெரிக்க மக்களிடையே பரப்பக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் ஸ்மித்–மண்ட் சட்டம் விதித்தது. அரசு தன் மக்களுக்கே பரப்புரை செய்யலாகாது என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதாயினும், வார்சாவில் மலர்க்கொத்து பெற்றவர் வாஷிங்டன் தெருக்களில் எவராலும் அறியப்படாமல் நடந்து சென்றார்.

மற்றொன்றும் கருதத் தக்கது. கானோவர் அந்த வானொலியின் நிரந்தர ஊழியரல்லர். ஒப்பந்த முறையில் பணியாற்றினார். நிரந்தரப் பணிக்குரிய பாதுகாப்பும் பலன்களும் அவருக்கு இல்லை. அதற்கு ஈடாக, எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையைக் காத்துக்கொண்டார். பிணை நிற்பவர் பிறர் சொல்வதைத் திருப்பிச் சொல்பவராக இருந்தால் அந்தப் பிணைக்கு மதிப்பில்லை. அவர் இதனை உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1969-இல் டியூக் எலிங்டனின் எழுபதாவது பிறந்தநாள் வெள்ளை மாளிகையில் கொண்டாடப்பட்டபோது, அவ்விழாவின் இசை நிகழ்ச்சியை ஒருங்கிணைத்தவர் கானோவர். நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அவருக்கு வழங்க வேண்டும் என்று நண்பர்கள் முயன்றனர், அம்முயற்சி கைகூடவில்லை. 1996 மே 17-ஆம் நாள், ஏறத்தாழ இறுதிவரை ஒலிபரப்பில் ஈடுபட்டிருந்த நிலையில், அவர் மறைந்தார். அவர் திரட்டிய ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் இன்று வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நம் நாட்டில்: ஓர் அஞ்சல் மூட்டையின் சாட்சி

ஜாஸ் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1935-இல் லியான் ஆபியின் குழு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தது. அங்கு ஜாஸ் கற்ற கோவா இசைக்கலைஞர்கள் பின்னர் இந்தித் திரையுலகின் இசைக்குழுக்களில் இடம்பெற்றனர். 'சிக் சாக்லேட்' என்று அழைக்கப்பட்ட டிரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் 'அல்பேலா' (1951) படத்தில் பணியாற்றினார். ஜாஸ் என்ற பெயரையே கேள்விப்படாத இந்தியர்களும் அதன் சுவையைத் திரைப்பாடல் வழியாக அறிந்திருந்தனர்.

அந்தத் திரைப்பாடலுக்கே ஒரு சோதனை வந்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் இடம் சுருங்கி, பின்னர் அறவே இல்லாது போயிற்று. கேட்க விரும்பியவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அதே 1952-இன் இறுதியில் அவ்வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பற்பசை நிறுவனம் ஒன்று பொருளுதவி செய்த அந்நிகழ்ச்சியின் குரல், அப்போது இருபது வயதே நிரம்பாத அமீன் சயானி. பம்பாயில் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குச் சென்றன. புதன்கிழமை இரவுகளில் அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்தன.

சயானியின் தாயார் குல்சும், புதிதாக எழுத்தறிவு பெற்றவர்களுக்காக எளிய நடையில் ஓர் இதழை நடத்தியவர். அதற்குத் துணைபுரிந்தே எளிய இந்துஸ்தானியில் எழுதவும் பேசவும் சயானி பழகினார். நேயர்களை விளிக்கும்போது சகோதரிகளை முதலிலும் சகோதரர்களைப் பின்னரும் அழைப்பது அவர் வழக்கம். முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், விரைவில் அது வாரத்துக்கு 65,000 என்ற அளவை எட்டியது என்றும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். இலக்கிய மேடைகளிலும் அமைச்சகத்திலும் மதிப்பு மறுக்கப்பட்ட ஒரு கலைக்கு அந்த அஞ்சல் மூட்டைகள் சாட்சியம் கூறின. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்காக 'விவித் பாரதி'யைத் தொடங்க நேர்ந்தது. கீத்மாலா, பெயரும் நிலையமும் மாறியபோதும், 1994 வரை நீடித்தது. சயானி 2024 பிப்ரவரி 20-ஆம் நாள் மறைந்தார்.

தமிழர்களுக்கு இது அயலான கதையன்று. அதே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே இன்னும் உள்ளது.

குரலை விலக்கிய நிலையம்

இனி, ஜாஸிலிருந்து பிறந்த எளிய வடிவம் ஒன்றைப் பார்ப்போம். 1970-களில் சில கலைஞர்கள் மனோதர்மத்தைக் குறைத்து, இனிய மெட்டையும் சீரான தாளத்தையும் முன்னிறுத்தினர். ஜார்ஜ் பென்சனின் 'பிரீசின்' (1976), குரோவர் வாஷிங்டனின் 'வைன்லைட்' (1980) ஆகிய தொகுப்புகள் பெருவரவேற்பைப் பெற்றன. பின்னர் 'ஸ்மூத் ஜாஸ்' என்ற பெயர் நிலைத்தது. மென்ஜாஸ் என்று நாம் சொல்லலாம். சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி 1992-இல் வெளியிட்ட 'பிரெத்லெஸ்' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதே கருவியைக் கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்கு வசப்படுத்தி, 'டூயட்' (1994) திரைப்படத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் வீடுதோறும் ஒலிக்கச் செய்ததை நாம் அறிவோம்.

1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராக் இசை நிலையம் ஒன்று மூடப்பட்டு, அதே அலைவரிசையில் 'தி வேவ்' என்ற நிலையம் தொடங்கியது. மென்மையான இசை மட்டுமே ஒலிக்கும்; அறிவிப்பாளர் எவரும் இல்லை என்பது அதன் தொடக்ககாலச் சிறப்பு. பின்னர் அறிவிப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டது. சிகாகோ, நியூயார்க் முதலிய நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் பெருகின. அவற்றில் ஒலிக்க வேண்டிய பாடல்கள், கேட்போர் குழுக்களிடம் சிறு துணுக்குகளைக் கேட்கச் செய்து, அவர்கள் தரும் மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டன. எவரையும் உறுத்தாத பாடல் தேறியது. வியப்பூட்டும் பாடல் தேறவில்லை.

2007-க்குப் பின், நேயர்கள் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்பதை உடலோடு எடுத்துச் செல்லும் சிறு கருவி மூலம் அளக்கும் முறை அமெரிக்க நகரங்களில் பரவியது. பழைய நாட்குறிப்பு முறையில் உயர்ந்து நின்ற மென்ஜாஸ் நிலையங்களின் எண்ணிக்கை இதில் சரிந்தது. விளம்பர வருவாய் குறைந்தது. நியூயார்க் நிலையம் 2008-இலும் சிகாகோ நிலையம் 2009-இலும் வேறு இசைக்கு மாறின. பின்னணியில் ஒலித்துக்கொண்டிருந்த இசை நின்றபோது அதனைப் பெரும்பாலோர் தேடவில்லை. இசையின் குற்றமாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. இதனை யார் வாசித்தார், ஏன் கேட்க வேண்டும் என்று எடுத்துரைத்துப் பற்றினை வளர்ப்பவர்கள் போதிய அளவில் இல்லாது போனதும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

இன்றைய பிணை

இன்று நம் கைப்பேசியில் உள்ள இசைச் செயலிகள், நாம் நேற்றுக் கேட்டதைக் கணக்கிட்டு நாளை கேட்க வேண்டியதைத் தருகின்றன. அவற்றின் வசதியை மறுப்பதற்கில்லை. ஆயினும், நாம் முன்னரே விரும்பியதற்கு ஒத்ததைத் தருவது அவற்றின் இயல்பு. போலந்து இளைஞர் ஒருவரிடம், அவர் அதுவரை கேட்டறியாத ஒன்றை "பொறுத்துக் கேளுங்கள்" என்று வேண்டிக்கொள்ளும் துணிவு கணக்குக்கு இல்லை. தவறினால் இழப்பதற்கு அதற்கொரு பெயரும் இல்லை.

கானோவருக்கும் சயானிக்கும் அது இருந்தது. ஒருவர் அரசின் வானொலியில் இருந்தும் தம் தேர்வுரிமையை விட்டுக்கொடுக்கவில்லை; மற்றவர் அரசு ஒதுக்கிய பாடல்களை மரியாதையோடு அறிமுகம் செய்தார். இருவரும் நாற்பதாண்டுகள் குறித்த வேளையில் வந்து, நிதானமாகப் பேசி, பாடலுக்கு வழிவிட்டு விலகினர். நேயர்களின் நம்பிக்கை ஒரே நாளில் பெற்றதன்று. சிறுகச் சிறுகச் சேர்த்தது.

அந்தப் பணிக்கு ஒலிபெருக்கி நிலையம் கட்டாயம் தேவை என்பதில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, தமக்குப் பிடித்த பழைய பாடலொன்றை ஒலிக்கச் செய்து, பாடியவரின் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாக இருந்தாலே போதும். மட்டாஞ்சேரியில் கஜல் வேர்பிடித்ததும் அவ்வாறே: தெரிந்த ஒருவரின் சொல்லை நம்பி, தெரியாத பாட்டைக் கேட்க அமர்ந்தவர்களால்.